டால்பின் வேட்டை தப்பு என்று சொல்ல நாம் யார்?

டால்பின் வேட்டையைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் இரண்டு கேள்விகள் ஒன்றோடொன்று சிக்கிக்கொள்ளும். அந்த வேட்டை சரியா தப்பா என்பது ஒன்று. அதைச் சொல்ல நாம் யார் என்பது இன்னொன்று. பெரும்பாலான விவாதங்களில் முதல் கேள்வியைக் கேட்டவருக்கு இரண்டாவது கேள்விதான் பதிலாக வருகிறது. "நீ ஆடு, கோழி சாப்பிடுவதில்லையா? அவர்கள் பண்பாடு அவர்களுக்கு, உனக்கென்ன?" அதோடு பேச்சு முடிந்துவிடும்.

இரண்டையும் பிரித்துவைத்துப் பார்த்தால் விஷயம் தெளிவாகும். ஒரு சமூகத்தின் பழக்கம் சரியா தப்பா என்பதை அந்தச் சமூகத்தின் அளவுகோலால் மட்டுமே சொல்ல முடியும் என்ற கருத்துக்கு அறவியலில் பண்பாட்டுச் சார்புவாதம் என்று பெயர். அது எங்கே உதவுகிறது, எங்கே காலை வாருகிறது என்பதை டால்பின் வேட்டையை வைத்தே பார்க்கலாம்.

முதலில், நடப்பது என்ன?

ஜப்பானின் வகாயாமா மாநிலத்தில் தைஜி என்று ஒரு சின்னக் கடற்கரை ஊர் இருக்கிறது. மக்கள்தொகை சுமார் 3,000. ஆண்டுதோறும் செப்டம்பரில் அங்கே டால்பின் வேட்டைக் காலம் தொடங்கி, குளிர்காலம் முழுக்க நீடிக்கும். விடியற்காலையில் படகுகள் கடலுக்குப் போகும். டால்பின் கூட்டம் கண்ணில் பட்டதும் படகுகள் வரிசையாக நின்றுகொள்ளும். நீளமான உலோகக் குழாய்களைத் தண்ணீருக்குள் இறக்கி, மேல்முனையைச் சுத்தியலால் அடிப்பார்கள். டால்பின் ஒலியை வைத்தே வழி அறிகிற பிராணி. நாலாபக்கமும் சத்தம் எழுந்ததும் அது மிரண்டு, சத்தமில்லாத பக்கமாக ஓடும். அப்படியே கூட்டத்தோடு ஓட்டிக்கொண்டுவந்து ஒரு சிறிய வளைகுடாவுக்குள் தள்ளி, அதன் வாயை வலையால் அடைத்துவிடுவார்கள்.

அப்புறம் டால்பின் பயிற்சியாளர்கள் வந்து, காட்சியகங்களுக்குத் தோதானவற்றைத் தேர்ந்தெடுப்பார்கள். மீதியில் பல இறைச்சிக்காகக் கொல்லப்படும், சில திரும்பக் கடலில் விடப்படும். கொல்லும் முறை இது: மூச்சுத்துளைக்குப் பின்னால் ஒரு உலோகக் கம்பியைச் செருகித் தண்டுவடத்தை அறுப்பார்கள். ரத்தம் கடலில் கலக்காமலிருக்க, கம்பி குத்திய துளையில் ஒரு மரக்கட்டையை அடைப்பார்கள். இதில் டால்பின் சீக்கிரம் இறந்துவிடுகிறது என்பது ஜப்பானியத் தரப்பின் வாதம். அங்கே எடுக்கப்பட்ட ஒரு காணொளியைக் கால்நடை மருத்துவமும் விலங்கு நடத்தையும் அறிந்த ஆய்வாளர்கள் ஆராய்ந்து 2013இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். உடனடியாக நினைவிழக்கச் செய்வது என்ற அடிப்படைத் தகுதிகூட இந்த முறைக்கு இல்லை, வளர்ந்த நாடுகளின் முறைப்படுத்தப்பட்ட எந்த இறைச்சிக்கூடத்திலும் இதை அனுமதிக்க மாட்டார்கள் என்பது அவர்கள் முடிவு.

தைஜிக்கு வெகு தொலைவில், வட அட்லாண்டிக் கடலில், டென்மார்க் முடியாட்சிக்கு உட்பட்ட பரோயே தீவுகள் இருக்கின்றன. அங்கே சுமார் 54,000 பேர் வாழ்கிறார்கள். அங்கு வேட்டையாடப்படுவது பெரும்பாலும் பைலட் திமிங்கலம். பெயரில்தான் திமிங்கலம், குடும்பத்தால் அது டால்பின்தான். அங்கேயும் படகுகளால் வளைத்து ஓட்டிவந்து ஆழமில்லாத கரையில் கொல்கிறார்கள். 16ஆம் நூற்றாண்டிலிருந்தே அதற்கு எழுத்துப்பூர்வமான பதிவுகள் உண்டு. பயிர் அதிகம் விளையாத, குளிரும் காற்றும் மிகுந்த தீவுகளில் அந்த இறைச்சிதான் பல தலைமுறைகளைக் காப்பாற்றியது. வழக்கப்படி அதை விற்பதில்லை, ஊராருக்குப் பங்கிட்டுக் கொடுப்பார்கள்.

மூன்றாவது இடம் பசிபிக்கில் சாலமன் தீவுகளைச் சேர்ந்த மலைட்டா. அங்கே சில கிராமங்களில் டால்பின் பல்தான் சீர்வரிசை, அதுவே பணமும். மணப்பெண்ணுக்குக் கொடுக்கும் பரிசத்தில் ஆயிரக்கணக்கான பற்கள் கோத்த மாலைகள் இருக்கும்.

டால்பினுக்கு மட்டும் ஏன் இத்தனை பேச்சு?

அது அழகாக இருக்கிறது, சிரிப்பதுபோல் முகம் இருக்கிறது என்பதெல்லாம் காரணமாகாது. ஒரு உயிரின் முகவெட்டை வைத்து அதன் உயிருக்கு விலை போட்டால், முகவெட்டு சரியில்லாத உயிர்களுக்கு நாம் என்ன பதில் சொல்வோம்?

உருப்படியான காரணங்கள் வேறு. 2001இல் நியூயார்க் நீர்வாழ் காட்சியகத்தில் டயானா ரைஸ், லோரி மரினோ என்ற இரு ஆய்வாளர்கள் டால்பின்களின் உடலில் அடையாளக் குறிகள் போட்டு, முன்னால் கண்ணாடி வைத்துப் பார்த்தார்கள். டால்பின்கள் கண்ணாடிக்கு முன்னால் திரும்பித் திரும்பித் தங்கள் உடலில் குறியிட்ட இடத்தையே பார்த்தன. எதிரில் தெரிவது தான்தான் என்று அவை அறிந்திருக்கின்றன. ஒவ்வொரு பாட்டில்மூக்கு டால்பினுக்கும் தனக்கென ஒரு சீழ்க்கை ஒலி உண்டு. அந்த ஒலியைப் பதிவுசெய்து திருப்பிப் போட்டால் அதற்குரிய டால்பின் பதில் கொடுக்கிறது, கிட்டத்தட்டப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதுபோல. கூட்டத்தில் ஒன்று நோயுற்றால் மற்றவை அதைத் தாங்கி நீரின் மேல்மட்டத்துக்குக் கொண்டுவருகின்றன.

ஒரு தைஜி வேட்டையில் கொல்லப்படுவது தனித்தனி டால்பின் இல்லை, ஒரு குடும்பம். ஒன்றின் சாவை மற்றது பக்கத்திலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறது. என்னால் கடந்துபோக முடியாத இடம் இதுதான். விலங்கை உண்பதே தப்பு என்று நினைக்காதவர்கள்கூட, இவ்வளவு உணரக்கூடிய ஒரு உயிரை மணிக்கணக்கில் மிரட்டி, அதன் கூட்டத்துக்கு நடுவிலேயே கொல்வதை வேறு கணக்கில்தான் வைக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

ஆனால் இந்த வாதத்தை ஒழுங்காகப் பின்தொடர்ந்தால் அது டால்பினோடு நிற்காது. பன்றி புத்தியுள்ள பிராணி. கண்ணாடியில் தெரியும் பிம்பத்தை வைத்து மறைந்திருக்கும் தீனியைக் கண்டுபிடிக்கப் பன்றிகளால் முடிகிறது. உடம்பைத் திருப்பக்கூட இடமில்லாத கம்பிக்கூண்டில் தாய்ப்பன்றிகளை அடைத்து வளர்க்கும் பண்ணைகள் தைஜியைக் கண்டிக்கும் நாடுகளிலேயே இருக்கின்றன. வலியை உணரும் திறனும் கூட்டு வாழ்வும்தான் நம் அளவுகோல் என்றால், அது அங்கேயும் செல்லும்.

"அவரவர் பண்பாடு" என்ற வாதம்

சார்புவாதம் என்று சொல்லும்போது இரண்டு வேறுபட்ட கூற்றுகள் ஒரே போர்வைக்குள் வந்துவிடுகின்றன. வெவ்வேறு சமூகங்கள் வெவ்வேறு விஷயங்களைச் சரி என்று நினைக்கின்றன என்பது முதல் கூற்று. இது வெறும் தகவல், யாரும் மறுக்க முடியாது. ஆகவே எல்லாருக்கும் பொதுவான சரி தப்பு என்று எதுவுமே இல்லை என்பது இரண்டாவது. முதலாவதிலிருந்து இரண்டாவது தானாக வந்துவிடாது. பூமி தட்டையா உருண்டையா என்பதிலும் மக்கள் ஒரு காலத்தில் வேறுபட்டார்கள். அதனால் பூமிக்கு வடிவமே இல்லை என்று ஆகிவிடவில்லை.

இந்தக் கருத்து பிறந்த பின்னணி மரியாதைக்குரியது. ஐரோப்பியர்கள் உலகத்தையெல்லாம் பிடித்து, எங்கள் வழக்கமே நாகரிகம், உங்களுடையது காட்டுமிராண்டித்தனம் என்று சொல்லிக்கொண்டிருந்த காலத்தில், பிரான்ஸ் போவாஸ், அவர் மாணவர் மெல்வில் ஹெர்ஸ்கோவிட்ஸ் போன்ற மானுடவியலாளர்கள் அதற்கு எதிராக நின்றார்கள். ஒரு பழக்கத்தை அதன் சூழலில் வைத்துப் புரிந்துகொள், அப்புறம் பேசு என்றார்கள். 1947இல் ஐக்கிய நாடுகள் சபை மனித உரிமைப் பிரகடனத்தைத் தயாரித்துக்கொண்டிருந்தபோது, மேற்கத்திய விழுமியங்களையே உலகம் முழுவதற்கும் பொதுவாக்கிவிடாதீர்கள் என்று அமெரிக்க மானுடவியல் சங்கத்தின் பெயரில் ஓர் அறிக்கை வந்தது. அதே சங்கம் 1999இல் மனித உரிமைகளை ஆதரித்துத் தனியாக ஒரு பிரகடனம் வெளியிட்டது. அரை நூற்றாண்டில் அந்தத் துறையே நகர்ந்திருக்கிறது. புரிந்துகொள்வதும் ஒப்புக்கொள்வதும் ஒன்றல்ல என்பது இடையில் தெளிவாகிவிட்டது.

சார்புவாதத்தை அதன் கடைசிவரை கொண்டுபோனால் அது தன்னையே அறுத்துக்கொள்ளும். "எல்லாப் பண்பாட்டையும் மதிக்க வேண்டும்" என்பதே எல்லாருக்குமான ஒரு விதிதானே? அதைவிடப் பெரிய சிக்கல், உள்ளிருந்து எழும் குரலை அது தப்பாக்கிவிடுகிறது. சமூகம் சரி என்று சொல்வதே சரி என்றால், சமூகத்தை எதிர்த்துப் பேசிய ஒவ்வொருவரும் பேசிய நேரத்தில் தப்பானவர்கள் ஆகிவிடுவார்கள். சிறுமிகளைக் கோயிலுக்கு நேர்ந்துவிடும் பொட்டுக்கட்டு வழக்கத்தை ஒழிக்க முத்துலட்சுமி ரெட்டி சென்னைச் சட்டமன்றத்தில் போராடியபோது, அது மரபு, கலை, கோயில் வழக்கம் என்றுதான் எதிர்ப்பு வந்தது. 1947இல் சட்டம் வந்தது. அவர் தன் பண்பாட்டுக்கு வெளியே நின்று பேசவில்லை. பண்பாட்டுக்குள் இருந்த இரண்டு குரல்களில் அவருடையது ஒன்று.

பரோயேவிலும் இதைப் பார்க்கலாம். 2021 செப்டம்பர் 12 அன்று அங்கே ஒரே நாளில் 1,400க்கும் மேற்பட்ட வெள்ளைப்பக்க டால்பின்கள் கொல்லப்பட்டன. உலகம் கொந்தளித்தது தெரிந்த விஷயம். தீவுக்குள்ளேயே கொந்தளிப்பு எழுந்ததைத்தான் நான் முக்கியமாக நினைக்கிறேன். வேட்டைக்காரர் சங்கத்தின் தலைவரே அதைப் பெரிய தவறு என்றார். அங்குள்ள ஒளிபரப்பு நிறுவனம் கருத்துக் கேட்டபோது, பைலட் திமிங்கல வேட்டையைப் பெரும்பான்மையினர் ஆதரித்தார்கள், ஆனால் இந்த டால்பின்களைக் கொல்வது வேண்டாம் என்றார்கள் பாதிக்கும் மேற்பட்டோர். 2022இல் அரசு வெள்ளைப்பக்க டால்பினுக்கு ஆண்டுக்கு 500 என்று வரம்பு வைத்தது. "பரோயேப் பண்பாடு இதை ஏற்கிறது" என்று சொல்பவர் இவர்களில் யாரைப் பரோயே என்கிறார்?

அதற்கும் முன்னால், 2008இல், அந்தத் தீவுகளின் மருத்துவ அதிகாரிகளே பைலட் திமிங்கலத்தை இனி மனிதர்கள் உண்ண வேண்டாம் என்று பரிந்துரைத்தார்கள். கடலில் கலக்கும் பாதரசம் மீன்வழியாக டால்பின் உடலில் சேர்கிறது. கர்ப்பிணிகள் அதை உண்டால் பிள்ளைகளின் மூளை வளர்ச்சி பாதிக்கப்படுவதைப் பரோயேக் குழந்தைகளைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்தே கண்டறிந்தார்கள். அந்த ஆய்வை முன்னெடுத்த பால் வைஹே பரோயேக்காரர். தைஜியிலும் 2010இல் ஊராரின் தலைமுடியைச் சோதித்தபோது பாதரச அளவு ஜப்பானின் மற்ற இடங்களைவிட அதிகமாக இருந்தது. நோய் அறிகுறி எதுவும் தெரியவில்லை என்றும் அந்தச் சோதனை சொன்னது.

மரபு என்றால் எந்த மரபு?

தைஜிக்காரர்கள் 400 ஆண்டு மரபு என்கிறார்கள். அதில் உண்மை இருக்கிறது. 1606இல் அங்கே திமிங்கல வேட்டை முறையாக ஒழுங்கமைக்கப்பட்டது. கைஈட்டியோடு மரப்படகில் போய்ப் பெரிய திமிங்கலங்களைப் பிடித்தார்கள். 1878 டிசம்பரில் குட்டியோடு வந்த ஒரு திமிங்கலத்தைத் துரத்திப்போன படகுகள் புயலில் சிக்கி, அந்தச் சின்ன ஊரில் நூற்றுக்கும் மேற்பட்ட ஆண்கள் திரும்பி வரவில்லை. கொன்ற திமிங்கலங்களுக்காக அங்கே நினைவுச் சடங்கும் செய்கிறார்கள். இந்த வரலாறு தெரியாமல் அவர்களைக் கொடூரர்கள் என்று திட்டுவது வெறும் அறியாமை.

ஆனால் இன்று நடக்கும் முறை அதுதானா? மோட்டார் படகுகளால் டால்பின் கூட்டத்தை ஓட்டிவரும் இப்போதைய வேட்டை 1969இல் ஒழுங்கமைந்தது. அதே ஆண்டில்தான் தைஜியின் திமிங்கல அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. அதற்கு உயிருள்ள விலங்குகள் தேவைப்பட்டன. இன்று அந்த வேட்டையைத் தாங்கிப்பிடிப்பது பெருமளவு காட்சியக வியாபாரம்தான். இறைச்சிக்கு விற்றால் ஒரு டால்பினுக்குக் கிடைப்பது சில நூறு டாலர். பயிற்சி கொடுத்து உயிரோடு விற்றால் பல்லாயிரம் டாலர். ஜப்பானில் பெரும்பாலோர் டால்பின் இறைச்சியைச் சாப்பிட்டதே இல்லை. ஆகவே மரபு என்ற சொல் இங்கே ஒரு புதிய வியாபாரத்தின் மேல் போர்த்தப்படுகிறது என்றே எனக்குத் தோன்றுகிறது. மலைட்டாவின் பல்மாலையையும் காட்சியகத்துக்குப் போகும் டால்பினையும் ஒரே தட்டில் வைக்க முடியாது.

2015இல் உயிரியல் பூங்காக்கள், நீர்வாழ் காட்சியகங்களின் உலகச் சங்கம் ஜப்பானியக் காட்சியகங்களின் சங்கத்தை இடைநீக்கம் செய்தது. அதையடுத்து, தைஜியில் பிடித்த டால்பின்களை எங்கள் உறுப்பினர்கள் வாங்கக் கூடாது என்று ஜப்பானியச் சங்கமே வாக்களித்தது. வாங்குபவரைக் குறிவைத்த அழுத்தம் இது, ஊர்க்காரர்களை அவமானப்படுத்திய அழுத்தம் அல்ல. வேட்டை நிற்கவில்லை, சில காட்சியகங்கள் சங்கத்தைவிட்டு விலகின, வெளிநாட்டு வாடிக்கையாளர்களும் இருக்கிறார்கள். இருந்தாலும் அடிக்க வேண்டிய இடம் அதுதான் என்று நினைக்கிறேன்.

செயலைக் கண்டிப்பது, மக்களைக் கண்டிப்பது

ஆஸ்திரேலியாவின் புரூம் நகரமும் தைஜியும் சகோதர நகரங்கள். முத்துக் குளிக்கப் போன தைஜிக்காரர்கள் பலர் புரூமில் வாழ்ந்து அங்கேயே புதைக்கப்பட்டிருக்கிறார்கள். 2009இல் தைஜி வேட்டையைக் காட்டிய ஓர் ஆவணப்படம் உலகமெங்கும் பேசப்பட்டபோது, புரூம் நகரசபை அந்த உறவை நிறுத்திவைத்தது. அதன் சுமை விழுந்தது புரூமில் தலைமுறைகளாக வாழும் ஜப்பானிய வம்சாவளிக் குடும்பங்கள் மேல். அவர்கள் டால்பினைத் தொட்டவர்கள் அல்ல. சில வாரங்களில் நகரசபை முடிவைத் திரும்பப் பெற்று, உள்ளூர் ஜப்பானியச் சமூகத்திடம் மன்னிப்பும் கேட்டது. "இந்த வேட்டை கொடூரமானது" என்பது ஒரு செயலைப் பற்றிய தீர்ப்பு, அதற்குக் காரணம் காட்ட முடியும். "ஜப்பானியர்கள் கொடூரமானவர்கள்" என்பதற்கு எந்தக் காரணமும் காட்ட முடியாது.

தமிழர்களுக்கு இந்த வலி தெரியும். 2014இல் உச்ச நீதிமன்றம் ஜல்லிக்கட்டைத் தடைசெய்தபோதும், 2017 ஜனவரியில் மெரினாவில் கூட்டம் திரண்டபோதும், மாட்டைக் குடும்பத்தில் ஒருவராக வளர்ப்பவர்களைக் கொடுமைக்காரர்கள் என்று வெளியாட்கள் சொன்னதுதான் பலரைக் கொதிக்க வைத்தது. அந்தக் கோபம் நியாயமானது. ஆனால் காளைக்கு அங்கே என்ன நேர்கிறது என்ற கேள்வி அந்தக் கோபத்தால் கரைந்துவிடவில்லை. 2017இல் வந்த விதிகள் காளைக்கு மருத்துவப் பரிசோதனை, தடுப்பு வேலி என்று பேசுவதே அந்தக் கேள்விக்குப் பொருள் இருந்ததால்தான். தைஜி மீனவர் ஒருவர் இன்று உணர்வதும் இதே போன்ற அவமானமாக இருக்கலாம். அந்த அவமானத்தைப் புரிந்துகொண்டே அவர் செய்வது தப்பு என்று சொல்ல முடியும்.

"நீயும்தானே செய்கிறாய்?"

இந்தக் கேள்விக்கு இரண்டு பங்கு உண்டு. ஒரு பங்கு பலவீனமானது: நான் தப்பு செய்வதால் உன் தப்பு சரியாகிவிடாது. இன்னொரு பங்கு வலுவானது: உன் அளவுகோலை உன் வீட்டிலும் வைத்துப் பார்த்தாயா?

அமெரிக்காவை எடுத்துக்கொள்ளலாம். 1950களின் கடைசியிலிருந்து கிழக்குப் பசிபிக்கில் சூரை (டூனா) மீன் பிடிக்கச் சுற்றிவளைக்கும் வலை போட்ட படகுகளால் செத்த டால்பின்கள் சுமார் 60 லட்சம் என்று கணக்கிடப்பட்டிருக்கிறது. தொடக்கத்தில் அந்தப் படகுகளில் பெரும்பாலானவை அமெரிக்கப் படகுகள். சூரைக் கூட்டத்துக்கு மேலே டால்பின் நீந்தும் என்பதால் வேண்டுமென்றே டால்பினைச் சுற்றியே வலை போட்டார்கள். தைஜியில் எத்தனை தலைமுறை வேட்டையாடினாலும் அந்த எண்ணிக்கை வராது. உள்நாட்டு மக்களின் எதிர்ப்பால்தான் 1972இல் கடல் பாலூட்டிகள் பாதுகாப்புச் சட்டம் வந்தது, அப்புறம் சாவு பெருமளவு குறைந்தது.

நம் பக்கமும் பார்க்க வேண்டும். இந்தியாவில் டால்பின் சட்டத்தால் பாதுகாக்கப்பட்ட விலங்கு. 2013இல் டால்பின் காட்சியகங்களுக்கு அனுமதி இல்லை என்று மத்திய அரசு அறிவித்தது. அதற்காகப் பெருமைப்படலாம். ஆனால் இந்தியப் பெருங்கடலில் சூரைக்காகப் போடும், மீனைச் செவுளில் மாட்டிப் பிடிக்கும் செவுள் வலைகளில் 1950 முதல் 2018 வரை சிக்கிச் செத்த டால்பின் போன்ற சிறு கடல் பாலூட்டிகள் சுமார் 41 லட்சம் என்று 2020இல் வந்த ஆய்வு மதிப்பிட்டது. அந்த வலைகளை அதிகம் போடும் நாடுகளின் வரிசையில் ஈரான், இந்தோனேசியாவோடு இந்தியாவும் இலங்கையும் இருக்கின்றன. அண்மை ஆண்டுகளுக்கு அந்த ஆய்வு தரும் மதிப்பு ஆண்டுக்கு சுமார் 80,000. தைஜியில் ஒரு பருவத்தில் பிடிபடுவது சில நூறு.

கொல்ல வேண்டும் என்று எண்ணிக் கொல்வதற்கும், வேறு எதற்கோ போட்ட வலையில் சாவதற்கும் அறவியலில் வித்தியாசம் உண்டு. நம் மீனவர் யாரும் ஓங்கில் (டால்பின்) சாகவேண்டும் என்று வலை போடுவதில்லை. அது சிக்கினால் வலை கிழியும், அவருக்கே நஷ்டம். ஆனால் இன்ன வலை போட்டால் இவ்வளவு சாகும் என்று ஆண்டாண்டாகத் தெரிந்த பிறகு, "நாங்கள் நினைத்துச் செய்யவில்லை" என்பது முழுப் பதிலாகாது. அதுவும் மீனவர் தலையில் மட்டும் சுமத்த வேண்டிய பதில் அல்ல. ஏற்றுமதி செய்பவர், வாங்கி உண்பவர், மீன்வளத் துறை எல்லாருக்கும் அதில் பங்கு இருக்கிறது.

வெளியிலிருந்து வருபவர் எதையும் கேட்கும்போது அதற்கான செலவை யார் தாங்குவது என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும். மலைட்டாவில் 2010இல் ஓர் அமெரிக்க அமைப்பு, வேட்டையை நிறுத்தினால் பணம் தருகிறோம் என்று கிராமங்களோடு ஒப்பந்தம் போட்டது. பணம் எங்கே போனது என்பதில் தகராறு வந்து, 2013 தொடக்கத்தில் பனலேய் கிராமத்தினர் மீண்டும் கடலுக்குப் போனார்கள். சில மாதங்களுக்குள் ஆயிரத்துக்கும் மேற்பட்ட டால்பின்கள் கொல்லப்பட்டன.

பாகிஸ்தானில் வேறு மாதிரி நடந்தது. சூரைப் படகுகளின் மாலுமிகளே வலையில் எது சிக்கியது என்று கணக்கு எழுதினார்கள். நீர்மட்டத்தில் மிதக்கவிடும் செவுள் வலையை இரண்டு மீட்டர் கீழே இறக்கிப் போட்டுப் பார்த்தார்கள். டால்பின் சிக்குவது நான்கில் மூன்று பங்குக்கும் மேல் குறைந்தது.